பிராத்வா, வழி: வத்ராப்

1

இந்தக் கதையை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். சென்ற ஜனவரியில் நார்வேயிலிருந்து எட்டு மாணவர்களும் ஒரு பேராசிரியரும் பத்து நாள் படிப்புப் பயணமாக ராஜபாளையத்துக்கு வந்தார்கள். அவர்கள் படிக்க வந்த பாடம் நான். பாடத்துக்கு அந்தப் பத்து நாளில் கொஞ்சம் புத்தி வந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதல் வாக்கியம் இப்படி இருந்தது: ‘மேற்குத் தொடர்ச்சி மலையின் தோள்களில் மேகங்கள் வெண்பட்டுப் போல—’

அதை அடித்துவிட்டேன். ஏற்கெனவே ஐந்து நாவல்களை மேகத்தில் தொடங்கியிருக்கிறேன். தவிர, அன்றைக்கு மேகமே கிடையாது, மண்டையைப் பிளக்கும் வெயில்.

என் பெயர் ஜுவைரியா. வயது நாற்பத்தொன்று. பிறந்தது வத்திராயிருப்பு, படித்தது ஸ்ரீவில்லிபுத்தூர், கட்டிக்கொடுத்தது ராஜபாளையம். கணவர் நிஜாம் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். நான் மாயாஜால நாவல்கள் எழுதுகிறேன். பிராத்வா என்று ஒரு நாடு, அதற்கு ஒரு ராணி, பேசுகிற காட்டெருமைகள், பாறைக்குள் ஒரு கதவு. ஐந்து பாகங்கள். தமிழில் சுமாராக விற்றன. மொழிபெயர்ப்பில் எப்படியோ நார்வே வரை போய்விட்டன. (நிஜாம் முதல் பாகத்தில் நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறார். பன்னிரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறார்.)

2

பேராசிரியரின் பெயர் ஹோல்ம். நல்ல உயரம். எங்கள் வீட்டு நிலைப்படியில் மூன்று முறை தலையை இடித்துக்கொண்டு, மூன்று முறையும் நிலைப்படியிடம் மன்னிப்புக் கேட்டார். ஆசிரியரின் வாழ்வும் நிலமும் என்று ஒரு வரைபடம் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் பதினான்கு இடங்கள். நான் பிறந்த வீடு இப்போது செல்போன் ரிப்பேர் கடை. எட்டுப் பேரும் அதன் வாசலில் நின்று குறிப்பெடுத்தார்கள். கடைக்காரர் பயந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

பிராத்வா என்ற பெயரைப் பற்றி ஹோல்ம் நாற்பது பக்கக் கட்டுரை எழுதியிருந்தார். பூமியைக் குறிக்கும் ஒரு பழைய சமஸ்கிருதச் சொல்லிலிருந்து அது வந்தது என்பது அவர் முடிவு. சரியா என்று என்னிடம் கேட்டார். அருமை என்றேன். (பொய் சொல்லவில்லை. கட்டுரை அருமையாகத்தான் இருந்தது.)

மூன்றாம் நாள் செண்பகத்தோப்புக் காடு. முதல் பாகத்தின் முன்னுரையில் இப்படி எழுதியிருக்கிறேன்: பன்னிரண்டு வயதில் அந்தக் காட்டில் வழிதவறி, ஒரு பிற்பகல் முழுக்க ஒரு பாறையடியில் தனியாக உட்கார்ந்திருந்தேன், பாறையில் ஒரு கதவு திறந்தது, அன்று பிறந்ததுதான் பிராத்வா. வரைபடத்தில் அந்தப் பாறைக்கு நட்சத்திரக் குறி போட்டிருந்தார்கள்.

எனக்கு எந்தப் பாறையும் தெரியாது. வனத்துறையில் அனுமதி வாங்கி உள்ளே போனதும், நிழலாகவும் வேன் நிறுத்த இடமாகவும் இருந்த ஒரு பாறையைக் காட்டி, இதுதான் என்றேன். எட்டுப் பேரும் செருப்பைக் கழற்றினார்கள். ஒரு பையன் பாறையில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதான். அப்போது வனக்காவலர் முத்துக்குமரன் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“யக்கா, இது ரோடு போடயில ஜேசிபி தள்ளிவிட்டுட்டுப் போன கல்லு. வந்து ஆறு வருசந்தான் ஆகுது.”

அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று அவருக்கு நினைப்பு. எனக்கும் அதே நினைப்புத்தான்.

3

இனி வருகிற பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் உண்டு. நாவலில் இப்படி ஒருத்தியை வைத்தால் எடிட்டர் வெட்டிவிடுவார். ஆனால் சிக்ரிட் என்ற அந்தப் பெண் நிஜமாகவே வந்தாள். வயது இருபத்திரண்டு. ஒரு வருடம் தமிழ் படித்திருந்தாள், அதுவும் பழைய இலக்கணப் புத்தகத்தில். டீக்கடையில் போய், “தாங்கள் எனக்கு ஒரு தேநீர் அளிப்பீர்களா?” என்று கேட்டாள். மறுநாளிலிருந்து டீக்கடைக்காரர் அவளுக்கு மட்டும் கிளாஸை வெந்நீரில் இரண்டு தடவை கழுவினார்.

ஐந்தாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் படித்த பள்ளிக்கூடம். நூலகர் இசக்கியம்மாள் பழைய ஆண்டு மலர்களை எடுத்து மேசையில் வைத்தார். மற்றவர்கள் பால்கோவா வாங்கப் போனார்கள். சிக்ரிட் போகவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தபடி அங்கேயே இருந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்தாள். போனில் ஒரு படத்தைக் காட்டினாள். 1997ஆம் வருட மலர், முப்பத்தொன்றாம் பக்கம். ‘பிராத்வா நாட்டு ராணி’. எழுதியவர்: மா. மாரிக்கனி, எட்டாம் வகுப்பு, ஆ பிரிவு.

“பேராசிரியரிடம் இன்னும் காட்டவில்லை. இவர் யார்?” என்று கேட்டாள்.

‘அது ஒரு தற்செயல்—’

‘அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோருமே—’

இவை இரண்டும் அடித்தல் அல்ல. அன்றைக்கு நான் வாயால் தொடங்கி முடிக்க முடியாமல் விட்ட வாக்கியங்கள். நிஜாம் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அப்படியே கடைக்குப் போய்விட்டார்.

4

மாரிக்கனி கூமாப்பட்டிக்காரி. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை நானும் அவளும் ஒரே பஸ். பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, பஸ் போர்டுகளைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படிப்பது அவள் விளையாட்டு. வத்திராயிருப்பைச் சுருக்கி வத்ராப் என்று எழுதிய போர்டைத் திருப்பினாள். ப், ரா, த், வ. கொஞ்சம் இழுத்தால் பிராத்வா. பேராசிரியரின் நாற்பது பக்கமும் ஒரு பஸ் போர்டு.

பிறகு அந்த நாட்டுக்கு ஆறு வைத்தோம், மலை வைத்தோம். ஐந்து வருடம் பேசிப் பேசியே கட்டினோம். அவள் வீட்டாரோடு பொங்கல் வைக்கப் போன இடத்தில் செண்பகத்தோப்புக் காட்டில் தொலைந்துபோனதும் அவள்தான், நான் இல்லை. நான் அப்போது சமைக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் பத்திரமாக உட்கார்ந்திருந்தேன்.

பத்தாவது முடிந்ததும் அவளை மில்லுக்கு அனுப்பினார்கள். நான் கல்லூரிக்குப் போனேன். இருபத்தொன்பதாம் வயதில் முதல் பாகம் வந்தது. முன்னுரையில் ஆங்கில ஆசிரியைக்கு நன்றி சொன்னேன், பதிப்பாளருக்கு, நிஜாமுக்கு. கடைசி மூன்று மாதம் தடையில்லாமல் கரண்ட் கொடுத்ததற்காக மின்வாரியத்துக்குக்கூட நன்றி சொன்னேன். அவள் பெயரை எழுதவில்லை. மறந்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். மறக்கவில்லை. எழுதினேன், பிறகு எடுத்துவிட்டேன். எல்லாம் நானே யோசித்தது போல இருக்கட்டும் என்ற ஆசை.

அதற்குப் பிறகும் கல்யாண வீடுகளில் சந்தித்துக்கொண்டோம். சேலை, பிள்ளைகள், மழை, எல்லாம் பேசினோம். புத்தகத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவள் படித்திருக்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன்.

5

மறுநாள் காலை சிக்ரிட்டைக் கூட்டிக்கொண்டு தளவாய்புரம் போனேன். மாரிக்கனி அங்கே நைட்டி தைக்கும் யூனிட் நடத்துகிறாள். பதினான்கு மிஷின்கள். பொங்கல் ஆர்டர் நெருக்கும் நேரம். கத்தரித்த துணிக் கட்டு ஒன்றை எண்ணிக்கொண்டே எங்களைப் பார்த்துவிட்டு, செத்த நேரம் உட்காரச் சொன்னாள். கட்டு முடிந்தது. வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“தாங்கள்தான் பிராத்வாவை உருவாக்கியவரா?” என்று சிக்ரிட் நேராகக் கேட்டுவிட்டாள்.

மாரிக்கனி அவள் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தாள். நான் கைப்பையில் ஒரு மன்னிப்புக் கடிதம் வைத்திருந்தேன். நான்கு தடவை திருத்தியது. எழுத்தாளர் அல்லவா? அதை எடுக்கக் கை வரவில்லை.

“மாரி, நான் உம் பேரப் போட்டிருக்கணும்” என்றேன்.

“போட்டிருக்கணும்தான்” என்றாள். பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

“மொதப் புத்தகம் வந்தப்ப எங்க வீட்டுக்காரரு பஸ் ஸ்டாண்டுக் கடையில பாத்து வாங்கியாந்தாரு. முன்னுரைய நாலு தடவ படிச்சேன். எம்புட்டுப் பேரு அதுல. கரண்ட் ஆபீசு வரைக்கும் இருக்கு. சரி, அடுத்ததுல இருக்கும்னு அதையும் வாங்குனேன். இப்படியே அஞ்சும் வாங்கிட்டேன்.”

மிஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. எனக்குத் தரையைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை.

“இன்னொன்னு கேக்கணும். மூணாவதுல ராணிய எதுக்குட்டி கொன்ன?”

கதைக்குத் தேவைப்பட்டது என்றேன்.

“கதைக்கா, ஒனக்கா? பஸ்ஸுல நான்தான ராணி. நீ மந்திரி. நாலாவதுல மந்திரிதான நாட்ட ஆளுது.”

நான் எழுதிய புத்தகத்தில் எனக்கே தெரியாமல் இருந்த விஷயம் அது. மூன்று விமர்சகர்கள் அந்த மரணத்தை வரலாற்றின் குறியீடு என்று எழுதியிருக்கிறார்கள். நானும் ஆமாம் என்று பேட்டி கொடுத்திருக்கிறேன்.

சிக்ரிட் பாறைக் கதவைப் பற்றிக் கேட்டாள். மாரிக்கனி சிரித்தாள். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

“கதவெல்லாம் நான் பாக்கல தாயி. பாறையடியில உக்காந்து அழுதுக்கிட்டுத்தான் கெடந்தேன். ஒரு வாரம் தூக்கத்துலயும் அழுதேன். அப்ப பஸ்ஸுல வச்சு இவதான் சொன்னா, அந்தப் பாறையில ஒரு கதவு இருந்துச்சு, நீ கவனிக்காம வந்துட்டன்னு. அதுக்குப் பொறவுதான் நான் அழுகல.” என் பக்கம் திரும்பினாள். “கதவு ஒன்னோடது. அத நீயே வச்சுக்க. ராணியக் குடு.”

சொல்லிவிட்டு கட்டிங் டேபிளுக்கு அடியிலிருந்து நான்கு நீள நோட்டுகளை எடுத்து என் மடியில் போட்டாள். முதல் பக்கத்தில் துணி அளவுகள். இரண்டாம் பக்கத்திலிருந்து பிராத்வா, ஆறாம் பாகம். ராணி சாகவில்லை.

6

கடைசி நாள் ராஜபாளையத்தில் ஒரு சின்ன அரங்கில் விடைபெறும் கூட்டம். அதற்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) மாரிக்கனி மேடைக்கு வருகிறாள், கட்டிப்பிடித்துக்கொள்கிறோம், அரங்கம் எழுந்து நிற்கிறது. (வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அவள் வரவில்லை. மறுநாள் ஈரோட்டுக்குச் சரக்கு ஏற்ற வேண்டியிருந்தது.)

ஆ) நான் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். சிக்ரிட் ஜன்னலுக்கு வெளியே—

இதற்கு மேல் எழுத முடியவில்லை. காரணம், கிட்டத்தட்ட இதைத்தான் செய்ய இருந்தேன். எழுந்து மைக்கைப் பிடித்தபோதுகூட மேகத்தைப் பற்றித்தான் பேசத் தொடங்கினேன்.

இ) நடந்தது இது. மேகத்தை நடுவில் நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் போர்டு, மாரிக்கனி, ஜேசிபி தள்ளிய கல். முன்னுரையில் எழுதி எடுத்த பெயர். சிக்ரிட் மொழிபெயர்த்தாள். எதையும் மழுப்பாமல் மொழிபெயர்த்தாள் என்பது கேட்டவர்களின் முகத்தில் தெரிந்தது.

ஹோல்ம் மெதுவாக எழுந்தார். பிறகு கரும்பலகைக்குப் போய், சிக்ரிட்டிடம் கேட்டுக் கேட்டு வத்ராப் என்று எழுதினார். ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பினார். “நாற்பது பக்கம்” என்று மட்டும் சொன்னார். அடுத்து அவர் கேட்ட கேள்வி, அந்த பஸ் எத்தனை மணிக்கு என்பது. ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புக்கு அதில் போனார்கள். உட்கார இடமில்லை. அந்த பஸ்ஸில் எங்களுக்கும் இடம் கிடைத்ததில்லை.

பாறையில் கன்னத்தை வைத்து அழுத பையன் மட்டும் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. என்னிடம் விடைபெறவும் இல்லை. அவனிடம் சொல்ல ஒரு நல்ல வாக்கியம் கிடைக்குமா என்று இன்றுவரை தேடுகிறேன்.

7

நோட்டுகளை நான்கு நாளில் படித்தேன். எழுத்துப் பிழைகள் ஏராளம். ஒற்று எங்கே மிகும் என்பதில் மாரிக்கனிக்குத் தனிக் கொள்கை. ஆனால் இரண்டு இடங்களில் எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. எந்த இடங்கள் என்று சொல்ல மாட்டேன்.

ஆறாம் பாகத்தை எங்கள் இருவர் பெயரிலும் போடப் பதிப்பாளர் சம்மதித்தார். பழைய பாகங்களின் அடுத்த பதிப்பில் முன்னுரை மாறும். மாரிக்கனி போனில் இரண்டு நிபந்தனைகள் சொன்னாள். ராணியின் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. அட்டையில் அவள் பெயர் முதலில் வர வேண்டும். எனக்கென்று வாசகர்கள் இருக்கிறார்கள், அவர்கள் குழம்புவார்கள் என்று இழுத்தேன். அப்படியானால் அகரவரிசைப்படி போடு என்றாள். அகராதியை எடுத்துப் பார்த்தேன். என் பெயரின் ‘ஜு’ கிரந்த எழுத்து, கடைசியில் வருகிறது. அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது.

இந்தக் கதையையும் முதலில் அவளுக்குத்தான் அனுப்பினேன். ஐந்தாம் பகுதியில் நான் அழுததாக ஒரு பத்தி இருந்தது. அதை வெட்டிவிட்டாள். அழுகை இல்லையாம், வேர்வையாம். மற்றதெல்லாம் இருக்கட்டும் என்றாள். கதைக்கு யார் பெயரைப் போடுவது என்று கேட்டேன்.

“நீதான எழுதுன” என்றாள். யாரையோ கட்டு எண்ணச் சொல்லிவிட்டு போனுக்குத் திரும்பினாள். “ஆனா நல்ல வசனமெல்லாம் நான் பேசுனது.”

அதனால் தலைப்புக்குக் கீழே பெயர் எதுவும் போடாமல் விட்டிருக்கிறேன். அங்கே இரண்டு பெயர்களுக்கு இடம் இருக்கிறது. பேனா இருந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பெயர் முதலில் என்பதைப் பற்றி எனக்கு ஓர் ஆசை உண்டு, அதைக் கேட்காதீர்கள்.