தானாக மாறும் சட்டை

என் தம்பிக்கு மூளை உண்டு. அதை எங்கே காட்டக் கூடாது என்பதுதான் தெரியாது.

அவன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சாஃப்ட்வேர்காரன். அவன் மனைவி வேறொரு ஊரில் நர்ஸ். கல்யாணமானதிலிருந்து இவன் என் வீட்டுப் பின்னறையில், அவள் ஆஸ்பத்திரி விடுதியில். தினமும் மதியம், அவள் வேலைக்குக் கிளம்பும் முன், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு ஊரில் சந்தித்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு பொம்மை. அவதார் என்று சொல்ல வேண்டுமாம். அங்கே சொந்த வீடு, அலமாரி நிறைய துணிமணி என்று ராஜவாழ்க்கை.

அவள் பொம்மை எந்த நிறத்தில் வருகிறதோ, இவன் பொம்மையும் அதே நிறத்தில் உடுத்த வேண்டும். புதிதில் இவன் அலமாரியைக் குடைவான். "இந்தப் பச்சை இல்லீங்க" என்று அவள் வம்பு பண்ணுவாள். சட்டை தேடும் சாக்கில்தான் உலகத்துக் கதையெல்லாம் பேசுவார்கள். அப்புறம் இவனுக்கு ஆபீஸ் வேலை கழுத்தை நெரிக்க, ஸ்கிரிப்ட் என்று ஒரு குட்டி புரோகிராம் எழுதிவிட்டான். அவள் உடையின் நிறத்தைப் பார்த்து, அதுவே இவன் பொம்மைக்குச் சட்டை மாட்டிவிடும். "உனக்கு ரொம்ப எடுப்பா இருக்கு" என்று ஒரு வரியும் எழுதும். என்னிடம் காட்டினான். "கில்லாடிடா நீ" என்றேன். அந்த வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஓர் இடம் காலியானது. மாற்றல் வேண்டுமா, வேண்டாமா என்று அவள் அன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். அங்கே ஒரு வார்டே அவள் பொறுப்பில். இங்கே வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். "உங்ககிட்ட பேசிட்டுத்தான் சொல்வேன்" என்று இவனிடம் சொல்லியிருந்தாள்.

அன்று அவள் சீக்கிரமே வந்துவிட்டாள். இவன் குளித்துக்கொண்டிருந்தான். நான் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திரையில் அவள் பொம்மை நீல உடையில் வந்து நின்றது. இவனுக்கும் நீலச் சட்டை ஏறியது. எடுப்பாக இருக்கிறது என்றது.

"நான் அங்க வந்துடட்டுமா?" என்று அவள் எழுதினாள்.

ஸ்கிரிப்டுக்கு நிறம்தான் தெரியும், கேள்வி தெரியாது. கொஞ்சம் பொறுத்து, அவள் சிவப்புக்கு மாறினாள். இவனும் சிவப்பு. எடுப்பாக இருக்கிறது. மஞ்சள். எடுப்பாக இருக்கிறது. கடைசியில் வார்டு சீருடையைப் போட்டுக்கொண்டாள். அதற்கும் அதே வரி. ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டினேன்.

"டேய், அவ வந்து நிக்கிறாடா."

"ஸ்கிரிப்ட் பாத்துக்கும்க்கா."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கு. நீ வெளிய வா."

காதில் சோப்பு நுரையோடு வந்து உட்கார்ந்தான். "வா, உடனே வா, உனக்காகத்தான் காத்துட்டிருக்கேன்" என்று தட்டினான்.

"இதுவும் தானா வருதா?" என்று வந்தது.

"இல்ல, நான்தான்" என்று தட்டி முடிப்பதற்குள் அவள் பொம்மை போய்விட்டது.

ஃபோனை மறுநாள்தான் எடுத்தாள்; தம்பி ஸ்பீக்கரில் போட்டிருந்தான். மாற்றல் வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டாளாம். கோபமாகப் பேசவில்லை. கோபித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றாள். "எந்த நாள்லேர்ந்து நான் அதுகிட்ட பேசிட்டிருந்தேன்?"

தம்பி யோசித்தான். விரலை மடக்கிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவனுக்கு நினைவில்லை.