அறியாக் கையெழுத்து

சதுப்பு வெளியெங்கும் படிந்த மூடுபனி, விடிந்து நெடுநேரம் கழிந்தும் விலக மனமின்றி, செங்கல் மதில்களை நனைத்து, கால்வாயில் ஊர்ந்த படகுகளை விழுங்கி, அடுப்பெரிக்கச் சதுப்பில் எரிமண் வெட்டுவோரின் மண்வெட்டி ஒலியை மட்டும் வெளியே விட்டுவைத்திருந்த முன்பனிக் காலை அது. பிரெவோக் கோட்டையுள், கவிழ்ந்த அரசகுலத்தின் கடைசிக் கொழுந்தாகிய இளவரசர் அர்மான் ஐந்தாம் ஆண்டாகச் சிறையிருந்தார். அவருக்கு வரும் கடிதங்களைப் பிரித்து, கணப்பின் வெம்மையில் காட்டி மறையெழுத்து உண்டோவென நோக்கி, ஒரு சொல் விடாமல் படியெடுத்து, அதன்பின்னரே அவரிடம் சேர்ப்பிக்கும் பணி எவாரிஸ்த் என்பவனுக்கு வாய்த்திருந்தது.

அன்று வந்தது, ஜெனீவா ஏரிக்கரையில் நோயுற்றிருந்த தந்தையின் கடிதம். கை வழங்காமையால் வேறொருவரைக் கொண்டு எழுதுவித்திருந்தார். தாம் இம்மாதம் தாண்டுவது அரிது. மன்றாடியேனும் விடுப்புப் பெற்று மகன் வரவேண்டும் என்பதே செய்தி. ஆனால் அறியாக் கையெழுத்துடைய கடிதம் எதுவாயினும் பாரிசுக்கு ஆய்வுக்குப் போகவேண்டும் என்பது விதி. போய்வர எட்டு நாள்.

காவற்படைத் தலைவன் பாஸ்கால் வாயிலறையின் கதவில் சாய்ந்து நின்றான்.

“என்னய்யா, அந்தக் காகிதத்தையே முறைச்சுக்கிட்டிருக்க? உன் பொண்டாட்டியா எழுதியிருக்கா?”

“இளவரசரோட அப்பா. சாகக் கிடக்கிறார்.”

“கையெழுத்து?”

“புதுசு.”

“அப்புறமென்ன, பாரிசுக்குத் தூக்கிப் போடு. அஞ்சல் வண்டிக்காரன் வாசல்ல நின்னு கத்துறான்.”

“பேச்சு அவரோடதுதான்யா. அறுபது கடிதம் படிச்சிருக்கேன். மூணு வரி திட்டுவார், நாலாவது வரியில இறங்கி வருவார். எனக்குத் தெரியாதா?”

“போன வருஷம்கூட ஒருத்தன் ‘எனக்குத் தெரியும்’னான். இப்போ ஆப்பிரிக்காவுல மணல் எண்ணிக்கிட்டிருக்கான்.”

எவாரிஸ்த் கடிதத்தை மடித்து, மெழுகிட்டு, வண்டிக்காரனிடம் கொடுத்தான். அச்சந்தான், வேறு பெயரிட்டு அதனை அழகுபடுத்துவதற்கில்லை.

அதன்பின் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதில்மேல் உலாவும் இளவரசரைக் காணுந்தோறும், நாவின் நுனிவரை வந்த சொல் அங்கேயே நின்று கசந்தது. அண்ணாந்து பார்ப்பான், கழிந்த நாட்களை எண்ணுவான், தலை கவிழ்ந்து அறைக்குள் போவான், மறுபடியும் வெளியே வருவான்.

ஆறாம் நாள் கருமெழுகிட்ட கடிதம் வந்தது. இழவுக் கடிதத்தைத் தடுத்துவைப்பதில்லை என்பது அக்கோட்டையில் எவரும் மீறாத மரபு. ஆதலின் அது வந்த நொடியே இளவரசரைச் சென்றடைந்தது. சாகின்றவரின் அழைப்பு பாரிசில் கிடக்க, செத்தார் என்ற செய்தி அதனை முந்திக்கொண்டது.

எட்டாம் நாள், ‘குற்றமில்லை’ என்னும் முத்திரையோடு முதற்கடிதம் திரும்பியது. எவாரிஸ்த் அதனைத் தானே எடுத்துச் சென்றான். உறையில் அது முதலில் வந்த நாளும் குறிக்கப்பட்டிருந்தது. இளவரசர் அதனை நெடிது நோக்கினார்.

“படிச்சீங்களா?”

“படிச்சேன், பிரபு.”

“வரச்சொன்னாரா?”

“சொன்னார்.”

“அவர்தான் பேசுறார்னு தெரிஞ்சுதா?”

பொய் சொல்ல அப்போதும் இடமிருந்தது.

“தெரிஞ்சுது.”

இளவரசர் கடிதத்தைப் பிரிக்கவில்லை. மேசைமேல் அவன்புறமாகத் தள்ளினார்.

“வந்தப்போ அவர் குரலைக் கேட்டது நீங்க. நான் போயிருக்கலாம்னு தெரிஞ்சவரும் நீங்க. இது உங்களுக்கு வந்த கடிதம், எவாரிஸ்த். எடுத்துக்கிட்டுப் போங்க.”

வாயிலறைக்கு மீண்டவன் பதிவேட்டைத் திறந்தான். பெற்றுக்கொண்டவர் பெயரை எழுதாமல் அன்றைய பக்கத்தை மூடலாகாது. தூவலை மையில் தோய்த்தான், மை உலர்ந்தது, மீண்டும் தோய்த்துத் தன் பெயரை எழுதினான். பிறர் கடிதங்களைப் படித்தே வயிறு வளர்த்தவனுக்கு, அவன் வாழ்நாளில் வந்துசேர்ந்த கடிதம் அஃதொன்றே. அதற்கு விடையெழுத முகவரி எதுவும் இல்லை.