ஒரே பக்கத்தில் இரண்டு மூடிகள்

எங்கள் வீட்டுவண்டியின் இடது விலாவில் இரண்டு மூடிகள் உண்டு. ஒன்று குடிதண்ணீருக்கு, மற்றது பெட்ரோலுக்கு. நடுவே ஒரு சாண் இடைவெளி. நான் பெட்ரோல் மூடியைத் திறந்து அதில் தண்ணீர்க் குழாயைச் செருகிவிட்டு, பக்கத்து வண்டிக்காரன் டுவேனிடம் என் கார்புரேட்டரின் அருமை பெருமைகளை அளந்துகொண்டிருந்தேன். டாங்க் நிரம்பி வழிந்து என் செருப்பு நனைந்த பிறகுதான் உறைத்தது.

டுவேன் குனிந்து முகர்ந்து பார்த்தான். "ரொம்பத் தாகமா இருந்திருக்கும் போல, பாவம்" என்றான்.

என் மனைவி ஆர்டிஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

நெப்ராஸ்காவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு இந்த வண்டியிலேயே குடியேறியது என் யோசனை. குளிர்காலமெல்லாம் அரிசோனா வெயில், கோடையில் மலை, நினைத்த இடத்தில் காபி என்று அவளிடம் நிறையச் சொல்லியிருந்தேன். அன்று காலை, எங்களைப் போன்றவர்கள் வண்டி நிறுத்தித் தங்கும் இந்த முகாமின் அலுவலகத்துக்கு அவள் தங்கை லவோன் போன் செய்திருந்தாள். தன் வீட்டின் கீழ்ப்பகுதி காலியாகிறது, வந்து இருந்துகொள்கிறீர்களா, இல்லையென்றால் வேறு யாருக்காவது விடப்போகிறேன், இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள் என்றாளாம்.

"நீ என்ன நெனைக்கிற?" என்று சாயங்காலம் ஆர்டிஸிடம் கேட்டேன்.

"மொதல்ல வண்டி ஓடட்டும், கிளிஃப்."

இது ஒரு பதிலா? முப்பது வருஷம் வீடு வீடாகப் போய்க் காப்பீடு விற்றவன் நான். கதவைச் சாத்துகிறவர்களையும் திறக்கிறவர்களையும் அடையாளம் தெரியும். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு வானிலை பேசுகிறவர்களிடம்தான் எனக்குத் தூக்கம் போகும்.

எங்கள் முகாமில் எவன் வண்டியிலாவது எஞ்சின் மூடி திறந்தால் மற்ற ஆண்கள் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கூப்பிட வேண்டாம். துக்கம் விசாரிக்க வருவதைப் போல வருவார்கள், ஆனால் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. மற்ற வண்டிகளில் இதை வாசலோடு முடித்துக்கொள்ளலாம். என் பழைய வண்டியில் எஞ்சின் இருப்பது முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவே, ஒரு பெட்டிக்கு அடியில். பெட்டியைத் தூக்கினால் கூடத்தில் எஞ்சின். ஆகவே மறுநாள் டுவேனும், இரும்புக்கடை வைத்திருந்த மெர்லும் கிரீஸ் கையோடு எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்டிஸ் தன் நூல்கண்டை எடுத்துக்கொண்டு பின்னால் படுக்கைக்குப் போய்விட்டாள்.

டாங்கைக் கழற்றி இறக்கி, தண்ணீரையும் பெட்ரோலையும் பீப்பாயில் வடித்தோம். டாங்கை ஏற்றி, புது பெட்ரோல் ஊற்றி, புது ஃபில்டர் போட்டோம். கார்புரேட்டரைக் கழற்றி, ஆர்டிஸின் அப்பத் தட்டில் வைத்துக் கழுவினோம். எஞ்சின் கிளம்பியது. முகாமைத் தாண்டியதும் ஒரு மேடு. பாதி மேட்டில் இருமி, முக்கி, அணைந்துபோனது.

"கார்புரேட்டர்தான். உள்ள இருக்கற மிதவை சரியில்ல" என்றான் மெர்ல்.

"நிச்சயமாவா?"

"அப்படித்தான் தோணுது. ஆனா உறுதியா சொல்ல முடியாதுப்பா."

மறுபடி கழற்றினேன், மிதவையை வளைத்தேன், மாட்டினேன். அதே மேடு, அதே இருமல். மறுநாளும் கழற்றினேன். உள்ளதைச் சொன்னால், மூன்றாம் முறை கழற்றத் தேவையே இருக்கவில்லை. வண்டி ஓடிவிட்டால் லவோனுக்குப் பதில் சொல்லவேண்டி வரும். கழற்றிப் போட்ட கார்புரேட்டர் எதிரே இருக்கும்வரை யாரும் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள்.

"மூக்கை நோண்டுற மாதிரி அதையே நோண்டிட்டிருக்க" என்றான் டுவேன். அதை மாட்டச் சொல்லிவிட்டு, போய்த் தன் படகின் பெட்ரோல் டப்பாவைத் தூக்கி வந்தான். எங்கள் டாங்கிலிருந்து வரும் குழாயைப் பிடுங்கிவிட்டு, டப்பாவின் குழாயை, எஞ்சினுக்குப் பெட்ரோலை இழுக்கும் பம்பில் மாட்டினான். "இதை யாராவது புடிச்சுக்கணும். ஆர்டிஸ், கொஞ்சம் வர்றீங்களா?"

அவள் வந்து முன் இருக்கையில் அமர்ந்து, டப்பாவைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டாள். "இதுக்காகவா நான் கல்யாணத்தன்னிக்கு சர்ச்சுல சரின்னு சொன்னேன்" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

வண்டி அந்த மேட்டைச் சுலபமாக ஏறியது. ஒரு இருமல்கூட இல்லை.

"அப்ப கார்புரேட்டர் மேல தப்பில்ல" என்றான் டுவேன். மெர்லுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மெர்ல், நீ அதுகிட்ட மன்னிப்பு கேட்டுடு. கோளாறு டாங்குக்கும் பம்புக்கும் நடுவுலதான் இருக்கு."

திரும்பி வந்ததும் அவன் வண்டியின் பின்புறம் அடியில் நுழைந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் பூட்ஸ் மட்டும் அசைந்தது. "கிளிஃப், உள்ள வா."

நானும் ஊர்ந்தேன். டாங்கின் தலையில் ஒரு சின்ன ரப்பர் குழாய், விரல் நீளம்தான் இருக்கும். தோல் உரிந்து, வாய் பிளந்து கிடந்தது. பெட்ரோலுக்குப் பதில் அது காற்றை உறிஞ்சியிருக்கிறது.

"டாங்கை இறக்கறப்ப நாம இழுத்ததுல பெருசாயிருக்கு. ஆனா வெடிப்பு பழசு" என்றான் டுவேன். "வருஷக்கணக்கா ஆவி கசிஞ்சிருக்கும். மேலதானே படுக்கிறீங்க? நாத்தமே வரலையா?"

எங்கள் தலைக்கு நேர் மேலே பலகை, பலகைக்கு மேலே மெத்தை. மெத்தையில் ஆர்டிஸ் நூல் சுற்றிக்கொண்டிருந்தது கேட்டது. அந்தச் சத்தம் நின்றது.

வந்தது. அவளுக்கு வந்தது. போர்வையில் பெட்ரோல் வாடை என்றாள், விடிந்தால் தலைவலி என்றாள். பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று சொல்லி, பைன் மர வாசனை அட்டை ஒன்றை வாங்கித் தொங்கவிட்டேன். மறுபடி சொன்னபோது இரண்டாவது அட்டை. அதன் பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள். பிரச்சினை தீர்ந்தது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

"எனக்கு மூக்கு அவ்வளவா வேலை செய்யாது" என்றேன் டுவேனிடம்.

புதுக் குழாய் மாட்டினோம். எங்கள் டாங்கிலிருந்தே பெட்ரோல் வந்தது. ஆர்டிஸும் நானும் மட்டும் ஏறிக்கொண்டு, அந்த மேட்டையும் அதற்கு அடுத்த மேட்டையும் தாண்டி, உச்சியில் ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. கீழே முகாமின் வெள்ளைக் கூரைகள் வெயிலில் கிடந்தன.

"நீ சொன்னது சரி. அந்த வாடை" என்றேன்.

"தெரியும்."

"நான் கேட்டிருக்கணும்."

"ஆமா." அவள் எஞ்சின் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். "இப்ப எப்படி ஓடுது?"

"தையல் மெஷின் மாதிரி."

"வேற கோளாறு எதுவும் இல்லையே?"

"இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா. ஆர்டிஸ், லவோனுக்கு என்ன சொல்றது?"

மறுபடியும் வானிலை பேசுவாள் என்று நினைத்தேன். அவள் இருக்கையில் முழுதாக என் பக்கம் திரும்பினாள்.

"வண்டி கெட்டு நிக்கறப்ப சொன்னா, வண்டியாலதான் சொல்றேன்னு நெனைச்சு நீ இன்னொரு கார்புரேட்டர் வாங்கிட்டு வருவ. அதான் ஓடட்டும்னு இருந்தேன்" என்றாள். "நான் லவோன் வீட்டுக்குப் போறேன், கிளிஃப். நீயும் வந்தா எனக்கு ரொம்ப சந்தோஷம். நீ வரலைன்னாலும் போறேன்."