பூஜ்யம் வாங்கிய கண்டக்டரம்மா

வீட்டுக்குள் நடக்கும் கொடுமையை அளக்கப் பதினைந்து கேள்விகள்; ஒவ்வொரு 'ஆமா'வுக்கும் ஒரு மதிப்பெண். மறுநாள் அச்சுக்குப் போகின்றன. கேள்வி புரிகிறதா என்று பார்க்க, ஆய்வு செய்யும் டாக்டரம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தாள்: கேட்ட கேள்வியை அவரவர் பேச்சில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"கணவர் உங்கள்மேல் பொருட்களை எறிந்ததுண்டா?"

"தட்டு பறந்துச்சான்னு கேக்குறீங்க," என்றாள் பஸ் கண்டக்டரம்மா. "எங்க வீட்ல பறக்கறது கொசு மட்டுந்தான்."

கூடியிருந்த பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். பன் கொண்டுவந்திருந்த பேக்கரிக்காரியும் சிரித்தாள். ஆனால் அவள் மனசு, அடிபட்டுப்போன தன் கேள்வியிலேயே இருந்தது. 'பயந்ததுண்டா' என்று அவள் எழுதிக் கொடுத்ததைப் போன கூட்டத்தில் பாதிப் பேர், "பேய்க்கா?" என்று கேட்டுவிட்டார்கள். புரியாத கேள்வி என்று டாக்டரம்மா எடுத்துவிட்டாள்.

பேக்கரிக்காரியின் தங்கைக்கு அதுவரை ஒருநாளும் புருஷனிடம் அடி விழுந்ததில்லை. விழுந்த ஒரே அடியில் உயிரே போய்விட்டது. முந்தின நாள் கேட்டிருந்தால் அவளும் பூஜ்யம்தான். அந்தக் கேள்வி இல்லாமல் தாள் அச்சேறக் கூடாது.

"மொத்தம் பூஜ்யம்!" என்றாள் டாக்டரம்மா. "கொடுத்து வெச்சவங்க நீங்க."

கண்டக்டரம்மா பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இன்னொரு பன் தின்னுட்டுப் போக்கா," என்றாள் பேக்கரிக்காரி.

"அய்யோ, அஞ்சரைக்கு வீட்ல இருக்கணும்."

"லேட்டானா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. அதான் ஒருநாளும் லேட்டாக மாட்டேனே."

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா, தான் ஆசையாக எழுதிய ஒரு கேள்வியை அடித்துவிட்டு அந்த இடத்தில் புதிதாக எழுதி வாசித்தாள்: "நேரத்துக்கு வீடு போகாவிட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து ஓடியதுண்டா?"

"கடைசி பஸ்ஸ பிடிக்கிறவ மாதிரி ஓடறியான்னு கேக்குறீங்க." கண்டக்டரம்மா மூச்சு வாங்கினாள். "ஓடறேங்க. தெனமும் ஓடறேன்."

"பேய்க்கான்னு கேக்கலியேக்கா நீ!" என்றாள் பேக்கரிக்காரி. கண் கலங்கிக்கொண்டே சிரித்தாள்.

"பேய் பரவால்லடி, மணி பாக்காது." கண்டக்டரம்மா ஒரு பன்னைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "உன் கடை என் ரூட்லதானே இருக்கு? நாளைக்கு டூட்டி நேரத்துல எறங்கி வரேன். எல்லாம் சொல்றேன். டூட்டி நேரத்துக்கு எங்க வீட்டுக்காரர் கணக்கு கேக்க மாட்டார்."

பேக்கரிக்காரி வாசல்வரை கூடவே நடந்தாள். "உன் பஸ்ல எங்கிட்டயும் டிக்கெட் கேப்பியா?"

"ஏறுனா கேப்பேன்."