டொலீனாவுக்குப் பல்வலி

நெட்டா ஓடினாள். சதுப்பில் வெறுங்கால் முழங்கால்வரை புதைந்தது; பிடுங்கிக்கொண்டு ஓடினாள். கீழே ஆற்றுத் துறையில் பாரிஷ் அதிகாரி கில்ரேயின் குதிரை வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாள் முன்னதாகவே வந்து தொலைத்துவிட்டார் மனுஷன்!

இன்னும் அரைமணி நேரம். அதற்குள் அவளுக்கு ஓர் அம்மா வேண்டும்.

கிளாஸ்கோவில் பெற்றவர்களைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, நெட்டாவும் தம்பி ராபும் பாரிஷ் பிள்ளைகளாக, அதாவது திருச்சபை வட்டாரத்தின் செலவில் பிறர் வீட்டில் வளரும் அநாதைகளாக, இந்த மலைக் கிராமத்துக்கு வந்து ஆறு வருஷம். வளர்த்த விதவை டொலீனா போன வருஷம் பனிக்காலத்தில் இறந்துபோனாள். வெளியே தெரிந்தால் போச்சு. இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள இடமுள்ள வீடு ஊரில் வேறு இல்லை. எட்டு வயது ராப் ஒரு பண்ணைக்கு, நெட்டா இன்னொரு பண்ணைக்கு என்று பிரித்துவிடுவார்கள். ஆகவே ஊர் கூடிப் பேசி, வாயை இறுக மூடிக்கொண்டது. அதே வருஷக் கோடையில் புது அதிகாரி கில்ரே முதல்முறை வந்தபோது, செம்பட்டை முடிக் குள்ளச்சி பெக்கிதான் டொலீனாவாக நின்றாள். அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இப்போது பெக்கி மலைமேல். கோடை பிறந்தால் பெண்கள் அத்தனை பேரும் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் குடிசைகளுக்கு ஏறிவிடுவார்கள், ஆண்கள் கடலில். ஊரில் மிச்சம், மாடில்லாத மார்சலி ஒருத்திதான். கறுத்த முடி, ஒட்டடைக்கம்பு உயரம், ஓயாத வாய்.

"மார்சலி அத்தை! அதிகாரி வந்துட்டாரு! இன்னைக்கு நீங்கதான் டொலீனா!"

கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்த மார்சலி திரும்பினாள். "ஓ! வேற ஆள் கிடைக்கலன்னதும் அத்தை ஞாபகம் வந்துருச்சாக்கும்? என் சேவல் காலை ஒடிச்சவன் உன் தம்பிதானே?"

"அவனைக் கூட்டிட்டுப் போயிருவாங்க அத்தை."

"போகட்டும். சேவலாவது நிம்மதியா இருக்கும்." சொல்லிக்கொண்டே தவிட்டுக் கூடையை வீசிவிட்டு நடந்தாள். "ஏய், நான் பெக்கியைவிட ஒரு முழம் உசரமாச்சேடி!"

"அடுப்புக்கிட்ட குனிஞ்சு உக்காருங்க. பல்வலின்னு முகத்தைக் கட்டிக்கலாம். வாயை மட்டும் திறக்கவே கூடாது."

"நானா? வாயைத் திறக்காமயா? அதுக்கு நிஜமாவே பல்லைப் பிடுங்கிக்கலாம்."

கில்ரே டொலீனா வீட்டு வாசலில் குனிந்து உள்ளே வந்தார். அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"சௌக்கியமா டொலீனா?"

"ம்ம்ம்," என்றது கம்பளித் துணி மூட்டை.

ராப் போட்டிருந்த காலணிகளைப் பார்த்தார். காதுக்குப் பின்னால் அழுக்குப் பார்த்தார். பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் சொல்லச் சொன்னார். ராப் பாதியில் திணறி, "அத்தை, அப்புறம் என்ன?" என்று மூட்டையைக் கேட்டான். அம்மா என்றல்லவா கூப்பிட்டிருக்க வேண்டும்! நெட்டா அவன் காலை மிதித்தாள். கில்ரே காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"ஓட்ஸ் ரொட்டி ஒண்ணு கிடைக்குமா?"

நெட்டா துள்ளி எழுந்தாள்.

"நீ உக்காரும்மா. வீட்டுக்காரம்மா குடுக்கட்டும்."

மார்சலி கூனிக் குறுகி நடந்தாள். மூலையில் இரண்டு பெட்டிகள். எதில் ரொட்டி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒன்றைத் திறந்தாள். அடைகாத்துக்கொண்டிருந்த கோழி அலறிக்கொண்டு அவள் மூஞ்சியிலேயே பாய்ந்தது.

"அடிப் பாவி! எந்த மகராசி கோழியைப் பெட்டிக்குள்ள படுக்க வச்சவ? என் வீடா இருந்தா கழுத்தைத் திருகி…"

நிமிர்ந்துவிட்டாள். தலை உத்தரத்தில் மோதியது. கட்டு அவிழ்ந்து விழுந்தது. கறுத்த முடி இடுப்புவரை இறங்கியது.

ராப் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். கில்ரே நோட்டில் ஏதோ எழுதி, மூடினார்.

"பல்வலி குணமாயிடுச்சு போல," என்றார். "நெட்டா, வண்டிவரைக்கும் வா."

வெளியே வந்ததுமே அவள் அவர் வழியை மறித்தாள். "எல்லாத் தப்பும் என்னோடதுதான் ஐயா. அடிங்க, என்ன வேணா செய்யுங்க. எங்களைப் பிரிச்சிராதீங்க."

"எதுக்குப் பிரிக்கணும்? பிள்ளைங்க ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, வீட்டுக்காரியும் சுகம்னு எழுதியிருக்கேன்." வண்டியில் ஏறினார். "வீட்டுக்காரி வருஷா வருஷம் வளர்றா. அதை எழுதல."

நெட்டா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ… உங்களுக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"வேலையில சேர்ந்த முதல் வாரம். கணவாய்ல பனி கொட்டுது. எதிர்ல ஒரு சவப்பெட்டி வந்துச்சு. எதிர்ப்படற ஆம்பளை பெட்டியைத் தோள் மாத்திச் சுமக்காம போகக் கூடாதுங்கறது உங்க வழக்கமாச்சே. மூஞ்சியைக் கம்பளியால மூடியிருந்தேன், யாரும் என்னைக் கவனிக்கல. முன்னால ஒரு பொடியன், பெத்த பிள்ளை பிடிக்கற தலைமாட்டுக் கயிறைப் பிடிச்சுட்டு நடந்தான். அவனோட இன்னொரு கையை ஒரு பொண்ணு கடைசிவரைக்கும் விடவே இல்ல. போனது யாருன்னு பக்கத்தாளைக் கேட்டேன்."

கடிவாளத்தைச் சுண்டினார்.

"கல்லறைவரைக்கும் டொலீனாவை நானும் சுமந்தேன், நெட்டா."