பின்பாரம்

“ஆட்டினது உன் ட்ரெய்லர். நான் ஸ்டியரிங்க நேராத்தான்—”

“பத்து வருஷமா என் ட்ரெய்லர்—”

“—புடிச்சிருந்தேன். அதுதான் நாய் வாலாட்டுற மாதிரி—”

“—பிக்கப் பின்னாடி ஒரு நாள் ஆடிச்சா? ஒரே ஒரு நாள் சொல்லு, வெர்ன்.”

பழைய பிக்கப் லாரிக்குப் பதிலாக இந்தப் புதுக் காரை வாங்கியது வெர்ன் ஹாகன்தான். கன்னிசன் ஊரைத் தாண்டி, மொனார்க் கணவாய்க்கு ஏற்றம் தொடங்குமுன், சாலையோரத்து ஜல்லித் திடலில் வண்டியை நிறுத்தியிருந்தான். சற்று முன் ஒரு சின்ன இறக்கத்தில் ட்ரெய்லர் இடதும் வலதுமாக அலைந்து, காரையும் சேர்த்து இழுத்தது. எதிரே வந்த மரலாரி ஹாரனை அமுக்கியபடியே கடந்துபோனது. அந்தச் சத்தம் இன்னும் இருவர் காதிலும் இருந்தது.

“அச்சு வளைஞ்ச பெட்டி. இத கட்டி இழுக்க இனி என்னால ஆகாது,” என்றான். “கணவாய் தாண்டி சலைடால, இத வாங்க ஒரு ஆள் பாக்க வர்றேன்னிருக்கான். புடிச்சிருந்தா ஓட்டிட்டுப் போகட்டும்.”

அவன் மனைவி ட்வைலா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். ட்ரெய்லர் அவள் காசில் வாங்கியது. வருடத்தில் அவள் நிம்மதியாகத் தூங்குவது அதற்குள் படுக்கும் கோடை மாதங்களில் மட்டும்தான். அதை யாரோ ஒருவன் வந்து பார்ப்பதா? அழுகை வர வேண்டிய இடம். ஆனால் அவள் சுபாவம் வேறு. சண்டை உச்சத்தில் இருக்கும்போதே, ஏன் இப்படி ஆயிற்று என்ற யோசனை வந்து கோபத்தைத் தள்ளி உட்கார்ந்துகொள்ளும்.

குனிந்து டயர்களைத் தடவிப் பார்த்தாள்.

“அச்சு வளைஞ்சா டயர் ஒரு பக்கமா தேயணும். இது ஒரே சீரா இருக்கே.”

“அப்ப கார் மேல தப்புங்கறியா? பாரு, எவ்வளவு மட்டமா நிக்குது. பழைய பிக்கப்பா இருந்தா இந்நேரம் பின்பக்கம் உக்காந்திருக்கும்.”

“அதான் எனக்கும் புரியல.”

நாயோடு நடந்துவந்த ஒருவர் நின்று, பளபளக்கும் சொகுசுக் காரையும் அதன் பின்னாலிருந்த நீளப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இந்தக் காருக்கு அது கொஞ்சம் பெரிசோ?”

“இன்னிக்கு இன்னும் யாரும் வந்து சொல்லலையேன்னு பாத்தேன்,” என்றாள் ட்வைலா. அவர் நாயை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்.

ட்ரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தாள். கொக்கியைக் கழற்றிப் பார்த்துவிடுவது என்று தீர்மானம். கார் வந்ததிலிருந்து அதை மாட்டுவதும் கழற்றுவதும் வெர்ன் மட்டுமே. தன் காரின் பெயின்ட்டில் யாரும் கீறல் போட்டுவிடக் கூடாதாம். இன்று அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

காரோடு மாட்டியிருந்த ட்ரெய்லர் முன்மூக்கின் ஜாக்கிக் கைப்பிடியைச் சுற்றினாள். பிக்கப் காலத்தில் இரண்டு கையாலும் தொங்கிச் சுற்ற வேண்டியிருக்கும். இப்போது தையல் மிஷின் மாதிரி ஓடியது.

“வெர்ன், எண்ணெய் கிண்ணெய் போட்டியா?”

“இல்லையே.”

மூக்கு காரின் கொக்கிப் பந்தைவிட்டு மேலே வந்ததும் காரை முன்னால் நகர்த்தச் சொன்னாள். பிறகு ஜாக்கியை விட்டுவிட்டு, மூக்கையே இரு கையாலும் பற்றினாள்.

“ஏய், இடுப்பு புடிச்சுக்கும். விடு அம்மணி—”

தூக்கிவிட்டாள்.

ஒரு வீட்டின் பாதி எடை இருக்கும் பெட்டியின் மூக்கு, பால் வாளி மாதிரி அவள் கையில் எழும்பி நின்றது. மெதுவாக இறக்கிவிட்டு உள்ளங்கைகளைப் பார்த்தாள். வெர்னும் அந்தக் கைகளைத்தான் பார்த்தான்.

“முன்னாடி பாரமே இல்ல,” என்றாள். “எல்லாம் எங்க போச்சு?”

பதிலுக்குக் காத்திராமல் பின்பக்கம் போய்ப் பெட்டியறையைத் திறந்தாள். பாலிசேடில் வாங்கிய பீச் பழக் கூடைகள், இரும்பு வாணலிகள், அவனுடைய கருவிப் பெட்டி, ஜெனரேட்டர். அடியில் தண்ணீர்த் தொட்டி, வாய் வரை நிரம்பி.

“இதெல்லாம் முன்னறையில இருந்துதே.”

“பக்கத்து வீட்டு டுவைட் சொன்னான்,” வெர்னின் குரல் இறங்கியது. “உன் பொண்டாட்டி பெட்டிய கட்டினா இந்த கார் புட்டம் தரையில தேயும்னான். அதான் கொஞ்சம் பின்னாடி தள்ளினேன். தள்ளிட்டுப் பாத்தா கார் மட்டமா நின்னுச்சு. சரியா இருக்குன்னுதானே அர்த்தம்.”

“பிக்கப்புக்கு அது சரி. இது ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப்பை வெச்ச வண்டி. யானைய ஏத்தினாலும் தானே எழும்பி மட்டமா நின்னுக்கும். முன்னாடி கனம் இல்லாம பின்னாடி ஏறினா பெட்டி வாலாட்டத்தான் செய்யும். நீதான தெருவுல ஒருத்தர் விடாம கூப்பிட்டு, பட்டன அமுக்கி அமுக்கி ஏத்தி இறக்கிக் காட்டின?”

“காட்டினேன்,” என்றான். காதுமடல் சிவந்திருந்தது.

தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஜல்லியில் ஓடை போலக் கோடிழுத்து ஓடியது. பழக் கூடைகளை அவள் சுமந்தாள். இரும்பையெல்லாம் அவன் முன்னறைக்குத் தூக்கிப் போனான். வழியில் ஒரு பழத்தை எடுத்துக் கடித்து, மறுபாதியை அவளிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டாள். எல்லாம் முடிந்து மறுபடி மூக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. ஜாக்கியைச் சுற்றுவதற்கும் தொங்கத்தான் வேண்டியிருந்தது. அந்தக் கனம் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மாட்டி முடித்து இருவரும் காரில் ஏறினார்கள்.

“அந்த ஆளுக்கு போன் போட்டு வர வேணாம்னு சொல்லிடு.”

“வர்றவன் வரட்டுமே. பாத்துட்டுப் போகட்டும்.”

“அச்சு நல்லா இருக்கு. பாரத்தையும் மாத்தியாச்சு. பெட்டி மேல குத்தமே இல்லன்னு நீயே பாத்துட்ட. பின்ன அவன் எதுக்கு?”

“எதுக்கும் இருக்கட்டும்னுதான்.”

ட்வைலா திரும்பிப் பார்த்தாள். இன்ஜின் இன்னும் ஓடவில்லை. ஆனால் வெர்னின் இரு கைகளும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தன. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. கண் கணவாயின் பக்கம், சாலை வளைந்து மேலே மறையும் இடத்திலேயே நின்றது. சாவியைத் தொடுவதற்குக் கை எழவில்லை.

அவள் சீட் பெல்ட்டைக் கழற்றினாள்.

“இந்தப் பக்கம் தள்ளி உக்காரு, வெர்ன். கணவாய நான் ஓட்டறேன்.”