ஆறு மணிக்குத் தூங்கியவள்

1

பன்னிரண்டு மணி நேரம். காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை, ஆளுக்கு ஒரு மணி என்று சங்கிலி ஜெபம். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன சபையில் நடந்ததாக, மலையிறங்கும் பேருந்தில் முன் இருக்கையில் பேசிக்கொண்டார்கள். கேட்டது அரைக்கதை, மீதி என்னுடையது. சபைப் பத்திரிகை ஒன்று 'விழித்திருங்கள்' என்ற தலைப்பில் கதை கேட்டிருந்தது. பக்தியாக எழுதத்தான் உட்கார்ந்தேன்.

'ஜவ்வாது மலையின் பனி முகடுகளில் ஜெபத்தின் நறுமணம்...'

(அடித்துவிட்டேன். அன்று சந்தை நாள். மலை முழுக்கப் பலாப்பழ வாசனை.)

2

சங்கிலிக்கு ஒரே சட்டம். அடுத்த ஆள் வந்து பக்கத்தில் முழங்காலிட்டுத் தோளைத் தொட வேண்டும். அதுவரை இருப்பவர் எழக்கூடாது. எழுந்தால் சங்கிலி அறும். அறுந்த இடத்தில் சாத்தான் நுழைவான் என்று போதகர் ஜேம்ஸ் சொல்லியிருந்தார்.

சில்வியாவுக்கு மதியம் இரண்டு மணி. ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். வாரத்தில் அவள் வாய் திறப்பதே அந்த வகுப்பில்தான்.

ஆறு மணிக்கு எல்லாரும் ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு வந்தபோது அவள் முழங்காலிலேயே, முன் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மெல்லிய குறட்டை.

[குறட்டை வேண்டுமா? நாயகிக்குக் கூடாது என்பார் பத்திரிகை ஆசிரியர். இருக்கட்டும்.]

3

"இன்னா சில்வியா, பத்துக் கன்னிகைல நீ அந்தாண்ட அஞ்சு பேரா?" என்று எழுப்பினாள் பாட்டுக்குழு மதலேனாள். சிரித்தார்கள்.

(மணவாளனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னிகைகளில் ஐந்து பேர் புத்தியில்லாதவர்கள் என்கிறது பைபிள் உவமை. ஆனால் அதில் பத்துப் பேருமே தூங்கினார்கள். இதை யாரும் கவனிப்பதில்லை.)

மதலேனாள் மூன்று மணிக்காரி. நான்கு மணிக்காரன் பெல்வின். சபை வாட்ஸப் குழுவின் அட்மின்.

"நான் வந்தப்பவே தூங்கினுதான் இருந்துச்சுங்க. எழுப்ப மனசு வர்ல," என்று கைப்பேசியைக் காட்டினான். '3.05: முழங்காலில் நிற்கிறேன். மதலேனாள்.' '4.02: முழங்காலில் நிற்கிறேன். பெல்வின்.' கீழே வரிசையாகக் கூப்பிய கைகள்.

(குறிப்பு: கோயிலுக்குள் சிக்னல் கிடையாது. செய்தி போக வேண்டுமானால் பேருந்து நிலையம்வரை நடக்க வேண்டும். அங்கே போண்டாக் கடைமுன் யாரும் முழங்காலிட்டு நான் பார்த்ததில்லை.)

போதகர் பெருமூச்சு விட்டார். "தூங்குற ஆள்கிட்ட பிள்ளைங்கள எப்டிம்மா ஒப்படைக்கிறது? வர்ற வாரத்துலேர்ந்து வகுப்ப பெல்வின் பாத்துக்கட்டும்."

4

முடிவுகள்:

அ. சில்வியா கண்ணீர்விட்டு மன்னிப்புக் கேட்கிறாள். பத்திரிகை உடனே அச்சிடும்.

ஆ. மதலேனாளை மனச்சாட்சி உறுத்த, அவள் எழுந்து... (இல்லை. அவளுக்கு அன்று சந்தையில் புளி மலிவாகக் கிடைத்திருந்தது. நிறைவாக இருந்தாள்.)

இ. சில்வியா பேசாமல் வீட்டுக்குப் போகிறாள். நம்பும்படி இருப்பது இதுதான். இவளைக் கூச்சக்காரியாகத்தான் படைத்தேன். எழுதவும் தொடங்கினேன்: 'சில்வியா செருப்பை மாட்டிக்கொண்டு...'

மாட்டவில்லை. முழங்காலிலிருந்தே எழவில்லை. நான்கு மணி நேரம் மடங்கிய கால் முதலில் ஊசியாகக் குத்தும். பிறகு அது நம் கால் என்பதே தெரியாது.

"எழுந்திரும்மா," என்றார் போதகர்.

"எப்டிங்க எழுந்திருக்கிறது? இன்னும் யாரும் தோளத் தொடலையே."

பெல்வின் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"இன்னா பேசற? மதலேனாள் வந்தாங்க. பெல்வின் வந்தான்," என்றார் போதகர்.

"யாரும் வரலீங்க."

வகுப்பு அவளுக்கே திரும்பியதா, பெல்வினுக்குப் போனதா? வாசகரே, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது அவள் அடுத்துச் சொன்னது மட்டும்தான். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பாட்டுக்குழுவின் மைக்கை யாரோ முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார்கள்.

"அஞ்சு மணி உங்களுதுங்க, ஐயா."